வெண்ணெய் உயர்மட்டக் குழு

உத்தமனுக்கு நெஞ்சு வலி வந்த அன்று காலை பத்து மணிக்கு அவர் வெண்ணெய் தடவிய பிரெட் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தார். பத்து இருபதுக்கு உலையின் முன்னால் சரிந்து விழுந்தார். நடுவில் இருந்த அந்த இருபது நிமிஷத்தைத்தான் தொழிற்சாலை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அதற்கு முந்தின மூன்று வாரமும் ஆள் பற்றாக்குறை என்று அவரை அன்றாடம் இரண்டு ஷிஃப்ட் நிறுத்திவைத்திருந்தார்கள். உலைக்கூடத்து வெக்கையை வெளியே தள்ள வேண்டிய இரண்டு பெரிய ஃபேன்களும் போன வருஷ யுகாதியிலிருந்து சுற்றவில்லை. இதையெல்லாம் யாரும் மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. விசாரணை அறிக்கையின் நான்காவது பக்கத்தில் எல்லாம் இருந்தது. வெண்ணெய் முதல் பக்கத்தில் இருந்தது. மேலே இருக்கிறவர்களுக்கு முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்க நேரம் கிடையாது.

அந்த வெண்ணெயைத் தடவியவள் உத்தமனின் மனைவி சொர்ணம். பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த மத்திய துல்லிய அளவைத் தொழிற்சாலையின் கேன்டீனில், பிரெட் கவுண்டரில், பதினான்கு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. தலைமுடியின் கனத்தை நாற்பதாகப் பிரித்து அளக்கும் மைக்ரோமீட்டர்களை அந்தத் தொழிற்சாலை செய்தது. அதற்கான எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலைக்கூடத்து ஆட்களுக்குப் பத்து மணிக்கு வெண்ணெய் தடவிய பிரெட் என்பது எழுபத்து நான்காம் வருஷ ஸ்டிரைக்கில் கிடைத்த உரிமை. இருநூற்றுப் பத்துப் பேர், நானூற்று இருபது துண்டு. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சொர்ணம் கத்தியைக் கீழே வைப்பாள்.

பதினான்கு வருஷமும் அவள் டெம்பரரி. அந்த வருஷம்தான், தொண்ணூற்று ஏழில், அவளைப் பர்மனென்ட் ஆக்கும் ஃபைல் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தது. ‘வெண்ணெய் தடவும் உதவியாளர்’ என்ற பதவிக்கு ஏழு கையெழுத்து வேண்டும், ஆறு விழுந்துவிட்டது. ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறை வீடு, ஒன்பதாவது படிக்கும் மகள் மகா. ஏழாவது கையெழுத்து விழுந்ததும் மகாவை டியூஷனில் சேர்க்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

உத்தமன் ஆஸ்பத்திரியில் இருந்த ஆறாம் நாள் சர்குலர் வந்தது. தொழிலாளர்களின் இதயத்தைக் காக்கும் பொருட்டு, உடல்நலத்துக்கு உகந்த வெண்ணெயையோ வெண்ணெய்க்கு மாற்றையோ தேர்ந்தெடுக்க உயர்மட்டக் குழு ஒன்று அமைக்கப்படுகிறது. தலைவர், இணைப் பொது மேலாளர் திரு. பாலசுப்ரமணியன். குழு முடிவு சொல்லும்வரை தொழிலாளர் கேன்டீனில் வெண்ணெய் நிறுத்தப்படுகிறது. பிரெட் தொடரும். பதவி காலியாக இருக்கக் கூடாது என்பதால் வெண்ணெய் தடவும் உதவியாளர் வழக்கம்போல் கவுண்டரில் இருக்க வேண்டும்.

சொர்ணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் சொன்னாள்.

“நான் வுழுந்ததுக்கு வெண்ணெய நிறுத்திட்டாங்களா?” என்றார் உத்தமன். “ஃபேனப் போட்டாங்களா?”

“ஃபேனப் பத்தி ஒண்ணும் காணோம். வெண்ணெய்க்குத்தான் கமிட்டி போட்டுருக்காங்க.”

உத்தமனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் ஓடிவந்து சொர்ணத்தைத் திட்டி வெளியே அனுப்பினாள்.

முதல் கூட்டத்துக்குச் சொர்ணத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். ‘பொருளை நேரடியாகக் கையாளும் நிபுணர்’ என்று அவள் பெயருக்கு எதிரில் டைப் அடித்திருந்தது. ஏ.சி. அறை, நீள மேஜை, பதினோரு பேர். அவளை மேஜையின் கடைசியில் உட்காரச் சொன்னார்கள். உட்காரலாமா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

தொழிற்சாலை டாக்டர் மௌரீன் முதலில் பேசினார். முப்பது வருஷம் தொழிலாளர்களின் வயிற்றையும் முதுகையும் பார்த்து அலுத்த அம்மாள். சுற்றி வளைக்கத் தெரியாது.

“வெண்ணெய் தெனம் கட்டியா தின்னா கெடுதல். மார்ஜரின் வாங்கலாம்னு சிலர் சொல்றாங்க. எண்ணெயக் கெட்டியாக்கிப் பண்றது அது; கட்டியா இருக்கற மார்ஜரின் வெண்ணெயவிட மோசம்னு இப்ப ஸ்டடீஸ் வந்துருக்கு. டப்பால மெத்துன்னு வர்ற ஸ்ப்ரெட் தேவலை. இல்ல, வேர்க்கடலைய உப்புப் போடாம அரைச்சுத் தடவுங்க, இன்னும் நல்லது. எதுவா இருந்தாலும் மெல்லிசா. இதெல்லாம் ஒரு பக்கம். அந்த ஆள் விழுந்தது வெண்ணெயால இல்ல. ரெண்டு ஷிஃப்ட், அந்தச் சூடு, சிகரெட். அத்தனதான்.”

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். பாலசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“டாக்டர் சொல்றது சரியா இருக்கலாம்,” என்றார். “ஆனா சரியா இருக்குங்கறதுக்காக நாம அவசரப்பட்டுடக் கூடாது. இன்னிக்கே முடிவெடுத்துட்டா, இந்த முடிவுக்கு எதுக்கு ஒரு கமிட்டின்னு நாளைக்கு ஆடிட்ல கேப்பான். அப்பறம் அந்த ஷிஃப்ட், சூடு எல்லாம் நம்ம வரம்புல வராது. நமக்குக் கொடுத்துருக்கறது வெண்ணெய். ஒரு மனுஷன் தனக்குக் கொடுத்ததை மட்டும் பார்த்தா இந்த நாடு எங்கேயோ போயிடும்.”

சொர்ணத்துக்கு இதில் பாதி புரியவில்லை. மறுநாள் உத்தமன் வீட்டுக்கு வருகிறார். அவள் கையைத் தூக்கினாள்.

“சார், அப்ப என் வூட்டுக்காரருக்கு பிரெட்ல இன்னா தடவறது?”

பாலசுப்ரமணியனின் முகம் மலர்ந்தது. “பாருங்க,” என்றார் மற்றவர்களிடம், “இதுதான் நம்ம முன்னால இருக்கற கேள்வி. எவ்வளவு அழகா கேட்டாங்க!” அவள் கேள்வி மினிட்ஸில் ஏறியது: ‘நிபுணர் ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பினார். குழு அதை வரவேற்றது.’ அப்புறம் எல்லோருக்கும் தட்டில் பன்னும் வெண்ணெயும் வந்தது. சர்குலர் தொழிலாளர் கேன்டீனுக்கு மட்டும்தான்; ஆபீசர் மெஸ்ஸுக்குப் பொருந்தாது.

வாசலில் டாக்டர் மௌரீன் அவள் தோளைத் தொட்டார். “நான் உள்ள சொன்னேன்ல, வேர்க்கடலை? அதையே செய். சாயங்காலம் நடக்கச் சொல்லு. சிகரெட் பாக்கெட்டத் தூக்கிப் போடு.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே சொர்ணம் அரைக்கிலோ கடலை வாங்கி வறுத்து, தோல் நீக்கி, மிக்ஸியில் போட்டு விழுதாக அரைத்தாள். உத்தமன் சந்தேகமாக ஒரு துண்டு கடித்தார்.

“என்னாடீ இது, சட்னி மாதிரியும் இல்ல, மிட்டாய் மாதிரியும் இல்ல,” என்றார். அப்புறம் இன்னொரு துண்டு கேட்டார். சிகரெட்டை அவரே நிறுத்தினார். சாயங்காலம் ஆஸ்டின் டவுன் ஃபுட்பால் கிரவுண்டை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, பையன்கள் கோல் விட்டதைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார். வீட்டைப் பொறுத்தவரை வெண்ணெய்ப் பிரச்சினை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துபோனது.

தொழிற்சாலையில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

மூன்று மாதம் கழித்து உத்தமன் வேலைக்குத் திரும்பினார். லேசான வேலை கொடுக்க வேண்டும், உலைக்கு அனுப்பக் கூடாது என்று டாக்டர் மௌரீன் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்தக் காகிதம் குழுவிடம் போய், ஒரு குறிப்போடு திரும்பி வந்தது: ‘நெஞ்சு வலிக்குக் காரணம் வெண்ணெயா அல்லவா என்று குழு ஆராய்ந்துகொண்டிருக்கும் நிலையில், இவருக்கு லேசான வேலை கொடுப்பது வேலைதான் காரணம் என்று நாமே ஒப்புக்கொள்வதாகிவிடும். ஆகவே முடிவு வரும்வரை பழைய இடத்திலேயே தொடரலாம்.’ உத்தமன் உலைக்கூடத்துக்குப் போனார். பத்து மணிக்கு வெறும் பிரெட் வாங்கிக்கொள்ள வரும்போது, வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்த்துக் கண்ணடிப்பார். “இன்னா நிபுணரே, முடிவு ஆச்சா?” சொர்ணம் முறைப்பாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்போது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் ‘மெல்லிசா’ என்று டாக்டர் சொன்ன வார்த்தை பிரச்சினையானது. மெல்லிசு என்றால் எத்தனை? நாட்டுக்கே அளவு சொல்லும் தொழிற்சாலை, தன் கேன்டீனில் மெல்லிசு என்று குத்துமதிப்பாகப் பேசலாமா? தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஏழு பேர் வெள்ளைக் கோட்டோடு கவுண்டருக்கு வந்தார்கள். சொர்ணம் தடவுகிற கனத்தை நாற்பது துண்டில் அளக்க வேண்டும்.

“வெண்ணெய் எங்க சார்?” என்றாள் அவள்.

“வெண்ணெய் நிறுத்தியாச்சே. சர்குலர் இருக்கே.”

“அப்ப எத தடவறது?”

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூத்தவர் வந்து, “வழக்கமா எப்படித் தடவுவியோ அப்படியே தடவும்மா. வெண்ணெய் இருக்கறதா நெனச்சுக்கோ,” என்றார்.

சொர்ணம் வெறும் கத்தியால் நாற்பது துண்டு பிரெட்டில் தடவினாள். கேன்டீன் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. காது நுனி சுட்டது. பத்தாவது துண்டிலிருந்து கை தானாகவே கத்தியை டப்பாவில் தோய்ப்பதுபோல் ஒரு திருப்புத் திருப்ப ஆரம்பித்தது. அதை அவள் நிறுத்தப் பார்த்தும் முடியவில்லை. ஒவ்வொரு துண்டையும் மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து எழுதிக்கொண்டார்கள். அறிக்கை இப்படி வந்தது: ‘தடவிய பொருளின் சராசரிக் கனம்: பூஜ்யம். துண்டுக்குத் துண்டு வேறுபாடு: பூஜ்யம். இத்தகைய துல்லியம் இத்தொழிற்சாலையின் எந்த உற்பத்திப் பொருளிலும் இதுவரை எட்டப்படவில்லை.’ தர வார விழாவில் சொர்ணத்துக்குக் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அதே அறிக்கையின் இன்னொரு நகல் அவள் பர்மனென்ட் ஃபைலிலும் கோக்கப்பட்டது. ‘வேலை அளவு: பூஜ்யம்’ என்ற வரிக்குக் கீழே ஏழாவது கையெழுத்துக்காரர் கோடு போட்டு, ஃபைலைத் திருப்பி அனுப்பினார்.

யூனியன் இதைச் சும்மா விடவில்லை. செயலாளர் ரங்கா மைசூர்ப் பக்கத்துக்காரர்; தமிழ்க்காரர்களிடம் தமிழிலேயே பேசுவார், பாதியில் கன்னடம் புகுந்து வெண்ணெய் ‘பெண்ணெ’ ஆகிவிடும். கேட் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்ததும் தொண்டை கிழிந்தது.

“இவ்ரு யாரு நம்ம பெண்ணெய நிறுத்தறதுக்கு? எழுபத்து நாலுல அடி வாங்கி வாங்கின பெண்ணெ! கமிட்டில தொழிலாளி ஒருத்தனும் இல்ல. இது மோச! இது அன்யாய!”

கைதட்டல் ஓய்வதற்குள் நிர்வாகம் பணிந்தது. குழுவில் யூனியனுக்கு இரண்டு இடம். அடுத்த மாதமே, நாட்டின் சிறந்த பால் பண்ணைகளை நேரில் பார்த்துவர குழு பதினாறு நாள் சுற்றுப்பயணம் கிளம்பியது. பால் பண்ணைகள் என்ன காரணத்தாலோ ஊட்டியிலும் சிம்லாவிலும் இருந்தன. ரங்கா திரும்பி வந்தபோது கழுத்தில் புது மஃப்ளர், குரலில் புது நிதானம்.

சொர்ணம் அவரைக் கேட்டில் மடக்கினாள். “அண்ணா, வெண்ணெய் வரலன்னா போவுது. அந்த ஃபேன் விஷயமாச்சும் உள்ள பேசுங்க. அவரு இன்னும் அங்கயே நிக்கறாரு.”

“அக்கா, ஃபேன் அஜெண்டால இல்ல. அஜெண்டா பெண்ணெ மாத்ர,” என்றார் ரங்கா. “நானும் முந்தி ஈஸின்னுதான் நெனச்சேன். போய்ப் பாத்தா, சொல்ப டீப் மேட்டர் அக்கா இது. ஸ்டடி பண்ணாம வாய விடக் கூடாது.”

தொண்ணூற்று எட்டில் டெண்டர் விட்டார்கள். பொருள் வாங்கும் அதிகாரி பாலகுமார் விதி தவறாத மனுஷர். வெண்ணெய்க்கென்று டெண்டர் படிவம் எதுவும் தொழிற்சாலையில் இல்லாததால், இருந்ததிலேயே நெருக்கமாக இருந்த ஒரு படிவத்தை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றினார். ‘தடவக்கூடிய கொழுப்புப் பொருள். இருபத்தைந்து டிகிரியில் இளகக் கூடாது. கொலஸ்ட்ரால் கூடாது. ஐந்து வருஷம் கெடக் கூடாது.’ ஒன்பது கம்பெனிகள் விண்ணப்பித்தன. எல்லா நிபந்தனையையும் ஒரே ஒரு கம்பெனியின் பொருள்தான் பூர்த்தி செய்தது. விலையும் அதுதான் குறைவு.

மாதிரி டப்பாவைத் திறந்ததும் டாக்டர் மௌரீன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “இது மெஷினுக்குப் போடற கிரீஸ்!”

“மேடம்,” என்றார் பாலகுமார் பணிவாக, “டெண்டர்ல மெஷினுக்குன்னும் போடல, மனுஷனுக்குன்னும் போடல.”

“சாப்பிட்டா செத்துப் போயிடுவாங்க!”

“நான் மறுக்கல மேடம். ஆனா சாப்பிட்டா சாகக் கூடாதுங்கறது நிபந்தனைல இல்ல. இல்லாத நிபந்தனைய வச்சு நான் எப்படி நிராகரிக்கறது? அவன் கோர்ட்டுக்குப் போனா? என்ன நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. நான் வீட்டுல நெய்தான் சாப்பிடறேன். ஆனா ஆபீசுக்கு வந்துட்டா எனக்குன்னு சொந்தமா நாக்கு கிடையாது.”

கொலஸ்ட்ரால் அறவே இல்லை என்று தரக் கட்டுப்பாடு சான்று தந்திருந்தது. டாக்டரின் பேச்சு ‘ஒரு உறுப்பினரின் தனிப்பட்ட கருத்து’ என்று பதிவானது. இத்தனை பெரிய பொறுப்பைத் தாங்களே சுமக்க வேண்டாம் என்று குழு ஃபைலை தில்லிக்கு அனுப்பியது. எட்டு மாதம் கழித்து தில்லியிலிருந்து ஒரே வரியில் கேள்வி வந்தது: ‘கிரீஸ் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை வருஷம் வெண்ணெய் வாங்கியது ஏன்? விளக்கம் தேவை.’ விளக்கம் எழுத அடுத்த வருஷம் முழுக்கப் போனது.

சொர்ணம் தினமும் அல்சூர் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய், எட்டே முக்காலுக்குக் கவுண்டரில் உட்கார்ந்து, வெறும் பிரெட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். வரிசையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. “உம் புருஷன் வுழுந்தான், எங்க வெண்ணெய் போச்சு,” என்று ஒருத்தன் நேராகவே சொன்னான். அவள் இரண்டு துண்டை எண்ணி அவன் தட்டில் வைத்தாள். உத்தமன் காதில் விழுந்திருக்கும். அன்று அவர் பிரெட்டே வாங்காமல் போனார்.

மறுவாரம் கூட்டத்துக்குப் போகும்போது அவள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கடலை விழுது எடுத்துப் போனாள். இதை ருசி பார்த்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. நல்ல பொருளை நாக்கில் வைத்தால் யாருக்குத்தான் தெரியாது?

“யாரு தயாரிப்பு?” என்றார் பாலசுப்ரமணியன்.

“நான்தான் சார். ரெண்டு வருஷமா அவரு இதத்தான் சாப்பிடறாரு. கொலஸ்ட்ரால் எறங்கிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“இறங்கியிருக்கு,” என்றார் டாக்டர் மௌரீன். “ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு.”

டப்பா மேஜையைச் சுற்றி வந்தது. ஆபீசர் மெஸ் பன்னில் தடவித் தடவி எல்லோரும் சாப்பிட்டார்கள். பிரமாதம் என்றார் பாலகுமார். ரங்கா விரலால் வழித்தார். பாலசுப்ரமணியன் இரண்டு பன் சாப்பிட்டுவிட்டு, “ரொம்ப நன்னா இருக்கும்மா,” என்று மனசாரச் சொன்னார். டப்பா காலியாகி அவளிடம் திரும்பி வந்தது. அன்று பஸ்ஸில் அவள் ஜன்னலோர சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். பத்து நாள் கழித்து மினிட்ஸ் வந்தது. மகா அதை வாசித்துத் தமிழில் சொன்னாள்: ‘முத்திரை இல்லாத மாதிரிப் பொருள் ஒன்று முறையற்ற வகையில் சமர்ப்பிக்கப்பட்டது. விதி பதினெட்டின்படி அது கூட்டத்திலேயே அழிக்கப்பட்டது.’

“அழிச்சாங்களா?” என்றார் உத்தமன். “தின்னாங்கன்னு சொன்னே?”

“தின்னுதான் அழிச்சாங்க,” என்றாள் சொர்ணம்.

இரண்டாயிரம் ஏப்ரலில் மறுபடியும் ஆள் பற்றாக்குறை வந்தது. விருப்ப ஓய்வு என்று நிறையப் பேரை அனுப்பிவிட்டு, இருப்பவர்களை இரண்டு ஷிஃப்ட் நிறுத்தினார்கள். முடியாது என்று சொல்லிவிடச் சொன்னாள் சொர்ணம். “சொன்னா அடுத்த லிஸ்ட்ல எம் பேரு வரும். மகா காலேஜ்ல செகண்ட் பி.யூ. முடிக்கட்டும்,” என்றார் உத்தமன். பதினோராவது நாள் பிற்பகல் நாலு மணிக்கு அவர் உலையின் முன்னால் விழுந்தார். கேன்டீனில் பிளேட் அடுக்கிக்கொண்டிருந்த சொர்ணம் ஓடிப் போனபோது டாக்டர் மௌரீன் தரையில் முட்டி போட்டு அவர் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். வெகுநேரம் அழுத்தினார். அப்புறம் அந்த வெக்கையில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சொர்ணம் புருஷனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். இரண்டு பொத்தான் தெறித்துப்போயிருந்தது. அதைத் தேடினாள். யாரோ அவளைத் தூக்கினார்கள்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் குழு இரங்கல் கூட்டம் போட்டது. நிபுணர் வரவேண்டும் என்று கார் அனுப்பியிருந்தார்கள். இரண்டு நிமிஷம் எழுந்து நின்றார்கள். பாலசுப்ரமணியன் பேசும்போது உண்மையாகவே குரல் தழுதழுத்தது.

“உத்தமன் இல்லேன்னா இந்தக் கமிட்டியே இல்ல. அவர் நம்ம எல்லாருக்கும் மூலகாரணம். அவர் மறைவு நமக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு. ஆனா துக்கத்துல ஒரு விஷயத்தை நாம கவனிக்கத் தவறிடக் கூடாது. இந்தத் தடவை அவர் வெண்ணெய் சாப்பிடல. மூணு வருஷமா சாப்பிடல. ஆகவே வெண்ணெய் நிரபராதின்னு தெரியறது. இத்தனை வருஷத்துல நமக்குக் கெடச்ச முதல் உறுதியான முடிவு இது. தன் உயிரைக் கொடுத்து அவர் நமக்கு இதைச் சொல்லிட்டுப் போயிருக்கார்.”

மேஜையைத் தட்டப் போன ஒருவர், இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

“அப்ப அந்த ஃபேன்?” என்றார் டாக்டர் மௌரீன். “வெண்ணெய் இல்லன்னு ஆயிடுச்சு. மிச்சம் இருக்கறது என்ன?”

“டாக்டர், இது இரங்கல் கூட்டம். அஜெண்டாவை விட்டு வெளியில போறது இறந்தவருக்கு மரியாதை இல்ல.”

டாக்டர் மௌரீன் எழுந்து வெளியே போனார். அந்த மாதக் கடைசியில் அவரும் விருப்ப ஓய்வில் போய்விட்டார். குற்றமற்றது என்று தெரிந்துவிட்ட வெண்ணெயை மறுபடி வாங்கலாமா என்று ஆராய்வதற்காகக் குழுவின் காலம் மேலும் இரண்டு வருஷம் நீட்டிக்கப்பட்டது. மூன்று வருஷமாக வேலையே நடக்காததால் வெண்ணெய் தடவும் உதவியாளர் பதவி ரத்து செய்யப்பட்டது.

ஜூன் மாதம் பாலசுப்ரமணியன் சொர்ணத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஃபைலை அவரே எல்லா மேஜைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தார். இறந்த தொழிலாளியின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை. பர்மனென்ட். உயர்மட்டக் குழுவைத் தனித் துறையாகவே ஆக்கிவிட்டார்கள், அதன் கூட்ட அறையில் உதவியாளர். டீ, சிற்றுண்டி பார்த்துக்கொள்ள வேண்டும்.

“பதினேழு வருஷமா நீ எதிர்பார்த்தது. ஏழு கையெழுத்தும் விழுந்தாச்சு,” என்றார். “இதுல ஒரு சின்ன உறுதிமொழி மட்டும் பாக்கி. வாசிக்கறேன் கேளு. ‘என் கணவரின் மரணத்துக்கு வெண்ணெய் உண்டதோ, வெண்ணெய் உண்ணாததோ, பணிச்சூழலோ, பணி நேரமோ காரணம் அல்ல என்று மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.’ அவ்வளவுதான்.”

சொர்ணம் காகிதத்தைப் பார்த்தாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. உத்தமனின் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டி அடையாளம் கண்டாள்.

“அப்ப அவரு எதுனால சார் செத்தாரு?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. மூன்று வருஷமாக இந்த ஆபீசில் எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள்; இதுவும் எங்காவது எழுதியிருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். பாலசுப்ரமணியனும் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார்.

“நியாயமான கேள்வி,” என்றார். “நான் மறைக்க விரும்பல. அதுக்குன்னு ஒரு கமிட்டி போடலாம். நானே தலைவரா இருக்கேன். நீ மெம்பரா இரு. ஆனா அது முடியற வரைக்கும் இந்த ஆர்டரை என்னால ரிலீஸ் பண்ண முடியாது. போடட்டுமா?”

வெளியே கம்பெனி சங்கு ஊதி இரண்டாவது ஷிஃப்ட் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மகாவுக்கு அந்த வாரத்துக்குள் காலேஜில் ஃபீஸ் கட்ட வேண்டும்.

“வேணாம் சார்,” என்றாள் சொர்ணம். “எங்க போடணும்?”

அவர் விரல் வைத்துக் காட்டினார். மூன்று நகல், நடுவில் கார்பன். அவள் பேனாவை வாங்கி சொ என்று ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் அழுத்திப் போடும்மா,” என்றார் பாலசுப்ரமணியன் அன்பாக. “அடி நகல் வரைக்கும் விழணும்.”

அவள் அழுத்திப் போட்டாள்.